நம்மை அறியாமல் நடக்கும் ஆட்சி

இப்பேச்சு முடிய ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். அதற்குள் உங்கள் இதயம் சுமார் 1,400 முறை துடித்திருக்கும். சற்றுமுன் உண்ட உணவு இரைப்பையிலே பிசையப்பட்டுச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் இறங்கியிருக்கும். அறையில் வெளிச்சம் குறைந்தால் கண்ணின் பாவை விரிந்திருக்கும். மின்விசிறி நின்றுபோனால் நெற்றியில் வியர்வை அரும்பியிருக்கும். இவற்றுள் எதற்கேனும் நீங்கள் ஆணை பிறப்பித்தீர்களா? இல்லை. கையை உயர்த்த எண்ணினால் கை உயர்கிறது. நடக்க எண்ணினால் கால் நடக்கிறது. ஆனால் இதயத்தை நோக்கி, 'சற்றே இளைப்பாறு' என்று சொல்லி நிறுத்த வல்லவர் எவரும் இலர். உடலுக்குள்ளே நம்மைக் கேளாமலே நடைபெறும் ஓர் ஆட்சி உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டதாரி, தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். எனக்கு இப்பொருளில் அக்கறை பிறந்தது நூலகத்திலன்று; என் வீட்டுக் குளியலறை வாயிலில்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதக் கடைசியில் என் தகப்பனார் கும்பகோணத்திலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தார். அவருக்கு வயது 78. தில்லிக் குளிர் அவருக்குப் புதிது. இரவில் கனத்த ரஜாய்க்குள் புகுந்துகொண்டால் விடியும்வரை வெளியே தலை நீட்டமாட்டார். ஒருநாள் விடியற்காலை நான்கு மணியளவில் ஏதோ விழுந்த ஓசை கேட்டு எழுந்து ஓடினேன். குளியலறை வாயிலில் அப்பா கிடந்தார். முகம் வெளுத்து, உடல் சில்லென்று வியர்த்திருந்தது. பக்கவாதம் என்றே நான் அஞ்சினேன். ஆனால் தரையில் கிடந்த சில நொடிகளிலேயே அவர் கண் விழித்து, "என்னடா, விளக்கை ஏன் போட்டாய்?" என்று கேட்டார்.

காலையில் மருத்துவரிடம் சென்றோம். அவர் இளைஞர், பொறுமையுள்ளவர். அப்பாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். மேல் எண் 148. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மீண்டும் பார்த்தார், 112. தலைசுற்றுகிறது என்று அப்பா மேசையைப் பற்றிக்கொண்டார். மருத்துவர் எனக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக விளக்கினார். "ஆட்டோனாமிக் நெர்வஸ் சிஸ்டம்" என்ற தொடர் நாலைந்து முறை வந்தது. அப்பாவுக்குத் தமிழ் ஒன்றே தெரியும். "என்னடா சொல்கிறார்?" என்று என் முகத்தைப் பார்த்தார். நாள்தோறும் கட்டுக் கட்டாகக் கோப்புகளை மொழிபெயர்ப்பவன், என் தந்தைக்கு அந்த ஒரு தொடரைத் தமிழில் சொல்ல முடியாமல் நின்றேன். "நரம்புத் தளர்ச்சியாம் அப்பா, ஒன்றுமில்லை" என்று சொல்லி மழுப்பினேன். அது பிழையான மொழிபெயர்ப்பு. அன்று நான் சொல்லியிருக்கவேண்டியதையே இன்று உங்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நியூபோர்ட் லாங்லி என்னும் உடலியல் அறிஞர் 1898-ஆம் ஆண்டில் இந்நரம்புகளுக்கு 'ஆட்டோனாமிக்' என்று பெயரிட்டார். தன்னைத் தானே ஆளுவது என்பது அதன் கிரேக்க வேரின் பொருள். 'தன்னாட்சி நிறுவனம்' என்ற சொல் எங்கள் அலுவலகத்தில் நாள் தவறாமல் வருவது. அமைச்சகத்தின் கீழ் இருக்கும்; ஆயினும் அன்றாடப் பணிகளுக்கு அமைச்சரின் கையொப்பத்தை எதிர்பார்த்து நிற்காது. இந்நரம்பு மண்டலமும் அத்தகையதே. தமிழில் இதனைத் தானியங்கு நரம்பு மண்டலம் என்றும், தன்னாட்சி நரம்பு மண்டலம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டில் எனக்குப் பிந்தியதே உவப்பு. ஏனெனில் இது வெறும் இயந்திரம்போல் தானே ஓடுவதன்று, நிலைமை அறிந்து ஆளுவது. அதே சமயம், உள்ளதைக் காட்டிலும் அதிகமான சுதந்திரத்தை இப்பெயர் குறிப்பதாக லாங்லியே உணர்ந்திருந்தார். மேலிடம் இல்லாமல் இல்லை. மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளமும், அதற்கு மேலே ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதியும் இதனை மேற்பார்வை செய்கின்றன. நம்முடைய எண்ணமும் விருப்பமும் மட்டும் அந்தக் கோப்புகளில் நேராகக் கையொப்பமிட இயலாது.

இவ்வாட்சிக்கு இரண்டு கரங்கள் உண்டு. ஒன்று, முதுகுத் தண்டுவடத்தின் நடுப்பகுதியிலிருந்து, அதாவது மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் புறப்படுவது. அந்நரம்புகள் முதுகெலும்பின் இருமருங்கும் உருத்திராட்ச மாலைபோல் தொடுத்திருக்கும் நரம்பு முடிச்சுகளை அடைந்து, அங்கிருந்து உடலெங்கும் பரவுகின்றன. இவற்றைத் தமிழ் நூல்கள் 'பரிவு நரம்புகள்' என்கின்றன. மற்றொன்று, தண்டுவடத்தின் இரு முனைகளிலிருந்து புறப்படுவது: மேலே மூளையின் அடித்தண்டு, கீழே இடுப்பின் அடிப்பகுதி. இதற்கு 'துணைப் பரிவு நரம்புகள்' என்று பெயர். இவற்றுள் தலையாயது வேகஸ் என்னும் நரம்பு. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். முகுளத்தில் தோன்றிக் கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று ஒவ்வோர் ஊராய்த் தங்கிச் செல்லும் வழிப்போக்கன் அது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். 'பரிவு' என்றால் இரக்கம் என்று நாம் கொள்கிறோம். இந்நரம்புகளுக்கும் இரக்கத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உடலின் ஓர் உறுப்பு வருந்தினால் மற்றோர் உறுப்பும் உடன் வருந்துகிறதே, அவ்வாறு உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்துவைப்பவை இவை என்று பண்டை மருத்துவர் எண்ணினர். 1732-இல் பாரிஸ் நகரத்து உடற்கூற்று அறிஞர் வின்ஸ்லோ அந்தக் கருத்தை ஒட்டிப் பெயர் சூட்டினார். அந்தப் பழைய பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் நமக்குக் கிடைத்ததே 'பரிவு'. உண்மையில் இவை எச்சரிக்கை மணி அடிக்கும் நரம்புகள். நெருக்கடிக் காலத்துப் படைத்தலைவர்கள். துணைப் பரிவு நரம்புகளோ அமைதிக் காலத்து இல்லத்தரசிகள். உணவைச் செரிக்கச் செய்து, கழிவை வெளியேற்றி, நாளைக்கு வேண்டியதைச் சேமித்துவைப்பவை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இரவில் தனியே வரும்போது தெரு நாய் ஒன்று உறுமிக்கொண்டு பாய்கிறது. என்ன செய்வது என்று நீங்கள் ஆலோசித்து முடிக்குமுன் உடல் ஆயத்தமாகிவிடுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. மூச்சுக்குழல்கள் அகலுகின்றன. கண்பாவை விரிகிறது. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்க, அங்கிருந்து மிச்சமான இரத்தம் கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. ஈரல் தன் கிடங்கைத் திறந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. வாய் உலர்கிறது, மயிர் சிலிர்க்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளும் நரம்பின் ஏவலால் அட்ரீனலினைச் சொரிந்து இத்தனைக்கும் வலுவூட்டுகின்றன. 'போராடு, அன்றேல் ஓடு' என்னும் இந்நிலையை 1915-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் கானன் தமது நூலில் விரித்துரைத்தார்.

கானன் இவ்வாராய்ச்சியில் இறங்கியதற்குக் காரணமாக இருந்தது ஒரு பூனை. அவர் மாணவராக இருந்த காலத்தில், அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிரைக் கொண்டு பூனையின் இரைப்பை உணவைப் பிசைவதை நோக்கிக்கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருந்தவரை இரைப்பை அலை அலையாய் அசைந்தது. அது சினந்து கலவரமுற்றதும் அசைவு நின்றுபோயிற்று. சாந்தமடைந்த பின்னர் மீண்டும் தொடங்கியது. சண்டையிட்டுக்கொண்டே உண்ட உணவு உடலில் ஒட்டாது என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததற்கு அந்தப் பூனை ஒருவகையில் சாட்சி கூறியது எனலாம்.

ஆனால் இவ்விரு கரங்களையும் ஒன்று விழித்திருக்க மற்றொன்று உறங்கும் இரு காவலர்களாக எண்ணிவிடலாகாது. இரண்டும் எப்பொழுதும் விழித்தே உள்ளன. நல்ல வண்டிக்காரன் கடிவாளத்தின் இரு வாரையும் கையிலே பிடித்து, ஒன்றைச் சற்றே இழுத்து மற்றதைச் சற்றே தளர்த்துவான் அன்றோ? அதுபோலத்தான். இதயத்தையே பாருங்கள். அது நரம்பின் ஏவலின்றியே துடிக்க வல்லது. துடிப்பைத் தோற்றுவிக்கும் சிறு திசு அதனுள்ளேயே இருக்கிறது. அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தைப் பிடித்திருப்பதால்தான் ஓய்வில் 70 என்ற அளவில் நிற்கிறது. மாடி ஏறத் தொடங்கியதும் முதலில் நிகழ்வது என்ன? வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகிறது. அதன் பின்னரே பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன.

இதற்குக் கண்கூடான சான்று மாற்று இதயம் பெற்றவர்கள். 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இதே தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், டாக்டர் வேணுகோபால் தலைமையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை நிகழ்ந்தது. ஒருவரின் இதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களை இணைக்கலாம்; அறுபட்ட நரம்புகளை இணைப்பதில்லை. ஆகவே அந்த இதயம் ஓய்விலும் 90, 100 என்று துடிக்கிறது. படியேறினாலும் அதன் வேகம் உடனே கூடுவதில்லை. இரத்தத்தில் மிதந்துவரும் அட்ரீனலின் சென்று தட்டியெழுப்பச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. மனிதர் மூச்சிரைத்து இறங்கி அமர்ந்த பின்னும் இதயம் சிறிது நேரம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஆணை தந்தியில் வருவதற்கும் தபாலில் வருவதற்கும் உள்ள வேற்றுமை இது.

சரி, நரம்பு தன் ஆணையை உறுப்பிடம் எவ்வாறு தெரிவிக்கிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெரும் வழக்காக இருந்தது. மின்சாரம் பாய்வதாகச் சிலர் கூறினர். இரசாயனப் பொருள் ஒன்று சுரப்பதாகச் சிலர் கூறினர். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்த ஆட்டோ லோவி என்னும் பேராசிரியர் ஒருநாள் இரவில் கனவு கண்டு எழுந்து, தோன்றியதை ஒரு காகிதத்தில் கிறுக்கிவைத்துவிட்டு உறங்கிப்போனார். காலையில் பார்த்தால் தம் எழுத்து தமக்கே புரியவில்லை! அன்று முழுவதும் தவித்தார். மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் காகிதத்தை நம்பவில்லை; எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குச் சென்றுவிட்டார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்திலிருந்த நீரை எடுத்து நரம்பு நீக்கப்பட்ட இரண்டாவது இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் மெல்லத் துடிக்கலாயிற்று. நரம்பு ஒரு பொருளைச் சுரந்தே ஆணையிடுகிறது என்பது மெய்ப்பட்டது. 1921-இல் வெளியான இவ்வாராய்ச்சிக்காக லோவிக்கும், அப்பொருளைப் பற்றி இங்கிலாந்தில் ஆராய்ந்த ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

துணைப் பரிவு நரம்புகளின் முனையில் சுரக்கும் அப்பொருள் அசிடைல்கோலின். பரிவு நரம்புகளின் முனையில் பெரும்பாலும் சுரப்பது நாரட்ரீனலின். இவை சாவிகள் எனலாம். உறுப்புகளின் அணுக்களிலே இவற்றுக்கேற்ற பூட்டுகள் உள்ளன. சாவி நுழைந்தால் உறுப்பு செயற்படும். பூட்டுக்குள் வேறொரு துரும்பைச் செருகிவிட்டால் சாவி நுழையாது. நாம் உட்கொள்ளும் மருந்துகள் பலவும் இத்தகைய துரும்புகளே.

நம் ஊர்க் குப்பைமேட்டில் வளரும் ஊமத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள அட்ரோபின் முதலிய நச்சுகள் அசிடைல்கோலினின் பூட்டை அடைத்துவிடுகின்றன. ஆகவே ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு வாய் உலர்கிறது, கண்பாவை விரிந்து வெளிச்சம் கூசுகிறது, இதயம் படபடக்கிறது, சிறுநீர் தடைப்படுகிறது, சித்தமும் கலங்குகிறது. அதே அட்ரோபின் உயிர் காப்பதும் உண்டு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் ஒரு வகை, அசிடைல்கோலினை அழிக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. சாவி பூட்டிலிருந்து வெளிவருவதே இல்லை. பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கி, உமிழ்நீரும் வியர்வையும் பெருகி, மூச்சுக்குழல்கள் நீரால் நிறைந்து ஆள் திணறுகிறான். அவனுக்கு மருத்துவமனையில் மீண்டும் மீண்டும் ஏற்றப்படுவது அட்ரோபினே. கண் மருத்துவர் சொட்டுமருந்து விட்டுப் பாவையை விரியச் செய்து பரிசோதிக்கிறாரே, அதன்பின் சில மணி நேரம் நமக்குச் செய்தித்தாள் எழுத்து மங்குகிறதே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்த தந்திரம்தான்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வாட்சியின் திறமை வேறொரு வகையிலும் விளங்கும். வைகாசி மாதத்துத் தில்லியில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுகிறது. தை மாதத்தில் 5 பாகைக்கும் கீழே இறங்குகிறது. உடலின் உள் வெப்பமோ ஏறத்தாழ 37 பாகையிலேயே நிற்கவேண்டும். ஹைபோதலாமஸ் இதற்குப் பொறுப்பு. வெயிலில் அது தோலின் குழாய்களைத் தளர்த்தி, இரத்தத்தை மேற்பரப்புக்கு அனுப்புகிறது. வியர்வைச் சுரப்பிகளைத் திறக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆவியானால் என்பதைக் கவனியுங்கள். வறண்ட லூ காற்றில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துபோகிறது. ஆகவே எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தில்லியில் நமக்குத் தெரிவதில்லை. மும்பையிலும் சென்னையிலும் வியர்வை வழிந்து சட்டையை நனைக்கிறது. ஆனால் ஈரக் காற்றில் ஆவியாகாததால் குளிர்ச்சி தருவதில்லை. புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். அதன் பின்னர் வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, மிகுதியாகவும் சுரக்கிறது, அதில் உப்பும் குறைந்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் உறவினரை வந்த மறுநாளே நண்பகலில் கோட்டை காட்ட அழைத்துச் செல்வது அன்பின் அடையாளம் ஆகாது.

குளிரில் நிகழ்வது இதன் மறுதலை. தோலின் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்ளே ஒதுங்குகிறது, விரல்கள் விறைக்கின்றன, இரத்த அழுத்தமும் குளிர்காலத்தில் சற்று உயர்ந்து நிற்கிறது. இரத்தக் குழாய்களைப் பெரும்பாலும் ஆளுவது பரிவு நரம்பு ஒன்றே. அது எப்பொழுதும் குழாய்களைச் சற்று இறுக்கியே வைத்திருக்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் குளோத் பெர்னார் 1851-52-இல் கண்டார். முயலின் கழுத்தில் ஒருபக்கத்துப் பரிவு நரம்பை வெட்டியதும் அந்தப் பக்கத்துக் காது சூடேறிச் சிவந்தது. பிடித்திருந்த கை விட்டதும் குழாய்கள் விரிந்துகொண்டன.

இப்பொழுது என் தகப்பனாரிடம் திரும்புவோம். அவர் வீழ்ந்ததன் காரணத்தை நீங்களே கண்டுகொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்கும்போது, அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. நீர் பள்ளத்தை நாடுவது இயற்கைதானே? இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, அழுத்தம் தாழ்கிறது, மூளைக்குச் செல்லும் இரத்தமும் குன்றவேண்டும். ஆனால் கழுத்துத் தமனியிலும் இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை அளந்தறியும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் தாழ்ந்த செய்தி உடனே முகுளத்துக்குப் போகிறது. வேகஸ் பிடி தளர்கிறது, இதயம் விரைகிறது, பரிவு நரம்புகள் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குழாய்களை இறுக்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. நாம் ஒவ்வொரு நாளும் எத்தனையோ முறை எழுகிறோம். ஒருமுறையேனும் இதற்கு நன்றி சொன்னதில்லை.

நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அளவுக்கோ, கீழ் எண் 10 அளவுக்கோ தாழ்ந்தால் இவ்வேற்பாடு தளர்ந்துள்ளது என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். அப்பாவுக்குத் தாழ்ந்தது 36. முதுமையில் இது ஓரளவு தளர்வது இயல்பே. ஆனால் மருத்துவர் அதோடு விடவில்லை. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். "இரத்த அழுத்தத்துக்கு மட்டும், தில்லியில் எழுதித் தந்தது" என்றேன். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அப்பா பேசாமல் இருந்தார். பிறகு, தம் கைப்பையிலிருந்து ஒரு சிறு தகர டப்பியை எடுத்து மேசைமீது வைத்தார். ஊர் மருத்துவர் கொடுத்த மாத்திரை அது. சிறுநீர் தாராளமாக இறங்காத தொல்லைக்காக ஓராண்டாக இரவில் உட்கொண்டு வந்திருக்கிறார். மருமகள் உள்ள வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில், "உடம்பு எப்படி அப்பா?" என்று கேட்டவன் நான். "நன்றாக இருக்கிறது" என்பதே அவர் விடை. அதற்குமேல் நான் கேட்டதில்லை.

பிராஸ்டேட் சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் வாயிலிலும் உள்ள தசைகளை இறுக்குவது நாரட்ரீனலின். அந்தப் பூட்டை அடைத்துத் தசையைத் தளர்த்துவதே அம்மாத்திரையின் வேலை. அதனைச் செவ்வனே செய்தது. ஆனால் அதே இனத்துப் பூட்டுகள் இரத்தக் குழாய்களின் சுவரிலும் உள்ளன. இவ்வகை மருந்துகளில் புதியவை இவ்விரண்டு பூட்டுகளையும் ஓரளவு பிரித்தறியும், முற்றிலும் பிரித்தறிவதில்லை. அதன்மேல் தில்லியில் சேர்ந்தது இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரை. அதன்மேல் ரஜாயின் கதகதப்பால் விரிந்திருந்த தோலின் குழாய்கள். இரவில் எழுந்திருக்க அஞ்சிப் பகலெல்லாம் நீர் அருந்தாமலிருந்ததால் குறைந்துபோன இரத்த அளவு. நிறைந்திருந்த சிறுநீர்ப்பை ஒழிந்த வேளையில் அழுத்தம் மேலும் தாழ்வது. எழுந்து நின்றபோது முகுளம் ஆணையிட்டது. நரம்பும் நாரட்ரீனலினைச் சுரந்தது. பூட்டு அடைபட்டிருந்தது. கும்பகோணத்து மருத்துவர்மீதும் குற்றமில்லை. முதலில் அழுத்தத்துக்கு மருந்து தந்த தில்லி மருத்துவர்மீதும் குற்றமில்லை. இரண்டு சீட்டுகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இத்தகைய குடும்பங்கள் பல உண்டு. பெற்றோர் ஆறு மாதம் ஊரிலும் ஆறு மாதம் மக்களிடத்திலுமாக இருப்பார்கள். மருந்துச் சீட்டு ஒன்று தமிழ் தெரிந்த மருத்துவரிடமும் மற்றொன்று தமிழ் அறியாத மருத்துவரிடமும் எழுதப்பெறும். உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அத்தாளை அவர்கள் பையிலேயே வைத்துவிடுங்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லும்போது, தந்தையாருக்குச் சற்றுத் தனிமை அளித்துக் கேளுங்கள். தலைசுற்றினால் மருந்தைத் தாமே நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். அது வேறு தீங்கை விளைவிக்கலாம். படுத்தும் நின்றும் அழுத்தம் பார்க்கும்படி மருத்துவரை வேண்டிக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. கட்டுக்கடங்காத சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுப்பதுபோல் இத்தன்னாட்சி நரம்புகளையும் கெடுக்கும். நிற்கும்போது மயக்கம், உண்டது இறங்காமல் வயிற்றில் தங்குதல், வியர்வையின் ஒழுங்கு குலைதல் முதலியன நேரலாம். சர்க்கரை மிகத் தாழும்போது படபடப்பும் வியர்வையும் முன்னறிவிப்பாக வருகின்றன அல்லவா? அந்த மணியை அடிப்பவை பரிவு நரம்புகள். அவை கெட்டபின் முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரலாம். மார்பு வலி தோன்றாமலே இதயத் தாக்கு நேர்வதும் உண்டு.

இவ்வாட்சியில் நமக்கு ஒரு பங்கும் இல்லையா என்று கேட்கலாம். ஒரு சிறு வாயில் உண்டு, அது மூச்சு. மூச்சு தானாகவும் நடக்கும். நாம் விரும்பியவாறும் நடக்கும். உள்ளே இழுக்கும்போது வேகஸின் பிடி சற்றே தளர்ந்து இதயம் விரைகிறது. வெளியே விடும்போது பிடி இறுகித் துடிப்பு தாழ்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். இளம் வயதினருக்கு இது நன்கு புலப்படும். நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் நிதானமாக மூச்சு விடுகையில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதியாகிறது. பலருக்குப் படபடப்பும் தணிகிறது. ஆயினும் இதனால் எல்லா நோயும் தீரும் என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். மூச்சுப் பயிற்சியால் என் தகப்பனாரின் பூட்டு திறந்திராது. மாத்திரையை மாற்றவே வேண்டியிருந்தது.

மருத்துவர் ஒரு மருந்தை நிறுத்தி, மற்றொன்றின் அளவைக் குறைத்தார். பகலில் போதிய நீர் அருந்தவும், இரவில் எழும்போது கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் அமர்ந்து, கணுக்காலை அசைத்துப் பின்னர் எதையேனும் பற்றிக்கொண்டு நிற்கவும் சொன்னார். அன்று மாலை நான் அப்பாவின் அருகில் அமர்ந்து, காலையில் மழுப்பியதை ஒத்துக்கொண்டு, இதுவரை உங்களுக்குச் சொன்னவற்றை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். தண்டுவடம், முடிச்சு, சாவி, பூட்டு எல்லாம் பொறுமையாகக் கேட்டார். முடிவில், "நான் எழுந்திருக்கப் போகிறேன் என்று உள்ளே இருப்பவனுக்கு முதலில் தகவல் கொடுத்துவிட்டு எழுந்திருக்கவேண்டும், அவ்வளவுதானே?" என்றார்.

அவர் இப்பொழுது ஊரில் இருக்கிறார். வயது 80. இரவில் விழித்தால் கட்டில் விளிம்பில் அமர்ந்து நூறு எண்ணிவிட்டே எழுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் நான் இப்பொழுது, "உடம்பு எப்படி?" என்று கேட்பதில்லை. "தாளில் புதிதாக ஏதாவது எழுதினீர்களா?" என்று கேட்கிறேன். எழுதியிருந்தால் படித்துக் காட்டுகிறார்.